சுகுமார் ராய்: அச்சாபீஸ்ல வளர்ந்த கன்னாபின்னா

கேள்வி இதுதான்: "சத்யஜித் ரேயோட அப்பா சுகுமார் ராய் குழந்தைங்களுக்கு அர்த்தமில்லாத பாட்டு எழுதினவர்னு படிச்சேன். அதுக்குப் போய் பெங்காலிங்க ஏன் இவ்வளவு கொண்டாடறாங்க, அவர் அப்படி என்னதான் பண்ணார்?"

இதுக்கு நான் பதில் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. நான் கொல்கத்தாவுல 14 வருஷம் இருந்தவன், பிழைப்பு அச்சுத் தொழில். எங்கப்பா சாத்தூர்ல ஒரு ட்ரெடில் மெஷின் வச்சு கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், பில் புக்குனு அடிச்சிட்டு இருந்தார், அதனால மை வாசனையோடயே வளர்ந்தவன் நான். கொல்கத்தா போன புதுசுல ஒரு ராத்திரி கரெண்ட் போயிடுச்சு, எல்லாரும் மாடிப்படில வந்து உக்காந்தோம், வீட்டுக்காரரோட பேத்தி, ஏழு வயசு இருக்கும், ஒரு பாட்டை ஆரம்பிச்சா, ரெண்டாவது வரில அவ பாட்டி சேர்ந்துகிட்டாங்க, நாலாவது வரில வீட்டுக்காரர், அவர் ரிட்டயர்டு இன்ஜினியர், சாதாரணமா சிரிக்கவே மாட்டார், அவரும் கையத் தட்டிகிட்டு சேர்ந்துகிட்டார். மூணு தலைமுறை, ஒரே பாட்டு, ஒருத்தருக்கும் ஒரு சொல்லு தடுக்கலை. யாரு எழுதினதுனு கேட்டேன். சுகுமார் ராய்னாங்க. அன்னைக்கு பிடிச்ச பைத்தியம் எனக்கு இன்னும் விடலை, பெங்காலி எழுத்து கத்துகிட்டதே அவருக்காகத்தான்.

முதல்ல குடும்பத்தைச் சொல்லணும், ஏன்னா இவர் தனி ஆளா வானத்துல இருந்து குதிக்கலை. அப்பா உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி, 1863-ல மைமன்சிங் ஜில்லாவுல பிறந்தவர், இப்ப அது பங்களாதேஷ். அவரோட இயற்பேர் காமதாரஞ்சன், அஞ்சு வயசுல ஜமீன்தார் சொந்தக்காரர் ஒருத்தர் தத்து எடுத்து பேரை மாத்தினார். வயலின் வாசிப்பார், படம் வரைவார், குழந்தைங்களுக்கு எழுதுவார். "கூப்பி காயேன் பாகா பாயேன்" கதை அவரோடதுதான், பேரன் பின்னாடி அதைப் படமா எடுத்தார். உபேந்திரகிஷோர் குழந்தைங்களுக்காக ஒரு ராமாயணம் எழுதி, படமும் தானே வரைஞ்சு அச்சுக்குக் குடுத்தார். அப்ப படத்தை மரக்கட்டைல செதுக்கித்தான் அச்சடிப்பாங்க, செதுக்கினவர் கைல படமெல்லாம் பாழாப் போச்சு. வேற யாரா இருந்தாலும் ரெண்டு நாள் புலம்பிட்டு விட்டிருப்பாங்க, இந்த மனுஷன் 1895-ல இங்கிலாந்துல இருந்து கேமராவும் சாமானும் வரவழைச்சு, புஸ்தகத்தைப் படிச்சுப் படிச்சே ஹாஃப்டோன் பிளாக், அதாவது போட்டோவை அச்சடிக்கற உலோகத் தகடு, பண்றதை தானே கத்துகிட்டு தொழிலே ஆரம்பிச்சிட்டார். அதுதான் பின்னாடி யு. ராய் அண்ட் சன்ஸ்.

ஹாஃப்டோன்னா என்னனு கொஞ்சம் சொல்லிடறேன், இது தெரியாம சுகுமாரைப் புரிஞ்சுக்க முடியாதுனு நான் நினைக்கறேன். ஒரு போட்டோவுல கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் எல்லா சாயலும் இருக்கும். அச்சு மெஷினுக்கு சாயல்லாம் தெரியாது, மை ஒட்டும், இல்ல ஒட்டாது, அவ்வளவுதான். அதனால கேமராக்குள்ள பிளேட்டுக்கு கொஞ்சம் முன்னாடி, குறுக்கும் நெடுக்கும் கோடு கீறின ஒரு கண்ணாடியை வைப்பாங்க, ஸ்க்ரீன்னு சொல்றது அதைத்தான். அது வழியா வர்ற படம் புள்ளி புள்ளியா உடைஞ்சிரும். இருட்டான இடத்துல பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்துல பொடிப் புள்ளி. பழைய பேப்பர் போட்டோவை கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா வெறும் புள்ளியா தெரியும், தள்ளி வச்சா மூஞ்சியா தெரியும், அதே சங்கதிதான். ஸ்க்ரீனை பிளேட்டுல இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும், லென்ஸோட துவாரம் என்ன வடிவத்துல இருந்தா புள்ளி எப்படி விழும், எல்லாமே கணக்கு. ஒரு நூல் பிசகினா மூஞ்சி முழுக்க கரி பூசின மாதிரி ஆயிடும். உபேந்திரகிஷோர் இந்தக் கணக்கையெல்லாம் கொல்கத்தால உக்காந்து தானே போட்டுப் பாத்து, லண்டன்ல வர்ற பென்ரோஸ் ஆண்டு மலர்ல, உலகத்துல உள்ள பிளாக் மேக்கர்லாம் படிக்கற மலர் அது, கட்டுரை கட்டுரையா எழுதினார்.

இந்த வீட்லதான் 1887 அக்டோபர் 30-ல சுகுமார் பிறந்தார். அக்கா சுகலதா, தங்கச்சி புண்யலதா, ரெண்டு பேருமே பின்னாடி எழுத்தாளர். அக்காவுக்கு வீட்டுல ஹாசினு செல்லப் பேர், இவருக்கு தாதா (பெங்காலில அண்ணனைக் கூப்பிடற "தாதா" இல்ல, நம்ம "தாத்தா"ல வர்ற அழுத்தமான தா). ரெண்டும் தாகூரோட "ராஜர்ஷி" நாவல்ல வர்ற அக்கா தம்பி பேர். தாகூர் குடும்பத்தோட அவ்வளவு நெருக்கம். அம்மாவைப் பெத்த தாத்தா துவாரகாநாத் கங்கூலி, அவரோட ரெண்டாவது மனைவி காதம்பினி, இந்தியாவோட முதல் பெண் டாக்டர்கள்ல ஒருத்தர். ஸ்டெதஸ்கோப், வயலின், கேமரா, பிரம்ம சமாஜப் பிரசங்கம், குழந்தைங்க கூச்சல், எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள இருந்திருக்கு.

புண்யலதா அவங்க சின்ன வயசுக் கதையை எழுதி வச்சிருக்காங்க, அதுல ஒரு விளையாட்டு வருது, எனக்கு அது உயிர். யார் மேலயாவது கோவம் வந்துச்சுன்னா சுகுமார் தம்பி தங்கச்சிங்களைக் கூப்பிட்டு "வாங்க, கோவம் செய்யலாம்"னு சொல்வாராம். கோவப்படலாம் இல்ல, கோவம் செய்யலாம், பலகாரம் செய்யற மாதிரி. உடனே எல்லாரும் சுத்தி உக்காந்து அந்த ஆளைப் பத்தி கதை கட்டணும், அவருக்கு என்னென்ன கோமாளித்தனமான கஷ்டமெல்லாம் வந்துச்சுனு. அதுல வன்மம் இருக்கக் கூடாது, அடி உதை கூடாது, அவர் அசடு வழியற மாதிரி மட்டும் இருக்கணும். கட்டிகிட்டே போவாங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும், கோவம் எங்கயோ போயிருக்கும். அவரோட பிற்காலப் பாட்டு எல்லாத்துலயும் இந்த விளையாட்டோட வாடை இருக்கு. ஜட்ஜு, வாத்தியார், போலீஸ், மாப்பிள்ளை வீட்டுக்காரர், பாகவதர், ஒருத்தரையும் விடலை, ஆனா ஒருத்தர் மேலயும் விஷம் கிடையாது.

காலேஜ், பிரசிடென்சி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டுலயும் ஆனர்ஸ், 1906-ல முடிச்சார். அந்த வயசுலயே நான்சென்ஸ் கிளப்னு ஒண்ணு ஆரம்பிச்சு வீட்லயே நாடகம் போட்டார், கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், அதுக்குப் பேரு "முப்பத்திரண்டரை வறுவல்". 1911-ல கல்கத்தா யூனிவர்சிட்டி ஸ்காலர்ஷிப் கிடைச்சு இங்கிலாந்து போனார், இலக்கியம் படிக்க இல்ல, அச்சுத் தொழில் படிக்க. லண்டன்ல ஃப்ளீட் ஸ்ட்ரீட் பக்கத்துல போல்ட் கோர்ட்னு ஒரு சந்து, அங்க பிளாக் மேக்கிங்கும் லித்தோவும் சொல்லிக் குடுக்கற ஸ்கூல், அப்புறம் மான்செஸ்டர் டெக்னாலஜி ஸ்கூல். அப்பா எழுதின அதே பென்ரோஸ் மலர்ல மகனும் ஹாஃப்டோன் பத்தி எழுதினார். 1922-ல ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஃபெலோ ஆக்கினாங்க. இடையில 1912-ல தாகூர் கீதாஞ்சலி மொழிபெயர்ப்போட லண்டன் வந்தப்ப இவரும் அங்க இருந்தார், அடுத்த வருஷம் தாகூரைப் பத்தி லண்டன்காரங்க முன்னாடி இங்கிலீஷ்ல ஒரு கட்டுரை வாசிச்சார், நோபல் பரிசு அறிவிக்கறதுக்கு முன்னாடியே.

1913 ஏப்ரல்ல உபேந்திரகிஷோர் குழந்தைங்களுக்காக "சந்தேஷ்" பத்திரிகையை ஆரம்பிச்சார். பேரே அழகு. சந்தேஷ்னா சேதி, சந்தேஷ்னா பால் திரிச்சு பண்ற அந்த இனிப்பும்தான், ரெண்டையும் சேத்து குழந்தை கைல குடுத்த மாதிரி. அதே வருஷம் சுகுமார் ஊர் திரும்பினார், டிசம்பர்ல சுப்ரபாவோட கல்யாணம். 100, கர்பார் ரோடுல வீடும் அச்சாபீஸும் ஒரே கட்டடமா கட்டினாங்க. 1915 டிசம்பர்ல அப்பா சர்க்கரை வியாதில போயிட்டார். அப்ப சுகுமாருக்கு 28 வயசு, கம்பெனி, பத்திரிகை, குடும்பம் எல்லாம் அவர் தலைல. அப்ப இருந்து எட்டு வருஷம்தான், நாம இன்னைக்கு பேசற சுகுமார் ராய்ல பெரும்பகுதி இந்த எட்டு வருஷத்துக்குள்ள வந்தது.

மாசா மாசம் பத்திரிகை வரணும். கதை, பாட்டு, விடுகதை, விஞ்ஞானக் கட்டுரை, படம், இவர் ஒருத்தரே பாதிப் பத்திரிகையை நிரப்பின மாசமெல்லாம் உண்டு. பத்திரிகைக்கு எழுதினவங்க தெரியும், பக்கம் காலியா இருக்கேங்கற பதட்டம் எப்படி இருக்கும்னு. "ஆபோல் தாபோல்" பாட்டுல பெரும்பாலானது அப்படி சந்தேஷ்க்காக அப்பப்ப எழுதினதுதான். ஆபோல் தாபோல்னா நம்ம பாஷைல கன்னாபின்னா.

இப்ப கேள்வியோட நடு மையத்துக்கு வரேன், "அர்த்தமில்லாத பாட்டு". அதுல ஒரு பாட்டு "கிச்சுடி", நம்ம கிச்சடிதான். வாத்து ஒண்ணு இருந்துச்சு, முள்ளம்பன்றி ஒண்ணு இருந்துச்சு, ரெண்டும் சேர்ந்து ஒரே மிருகமாயிடுச்சு, எப்படினு எனக்குத் தெரியாது, இலக்கணத்தை நான் மதிக்கறதில்லைனு அடைப்புக்குள்ள சொல்லிட்டு ஆரம்பிக்கறார். ஆனா அந்தப் பேரைப் பாருங்க. பெங்காலில வாத்து "ஹாஸ்", முள்ளம்பன்றி "சஜாரு". வாத்து முடியற "ஸ"-வும் முள்ளம்பன்றி ஆரம்பிக்கற "ஸ"-வும் ஒண்ணு. அதனால "ஹாஸ்ஜாரு". கொக்கு "பக்", ஆமை "கச்சப்", சேர்ந்தா "பகச்சப்". யானை "ஹாதி", திமிங்கிலம் "திமி", சேர்ந்தா "ஹாதிமி". ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்து பொதுவா நின்னு ரெண்டு மிருகத்தையும் ஒட்டுது, பசை போட்ட இடம் தெரியவே தெரியாது. இலக்கணம் மதிக்கறதில்லைனு சொன்ன ஆளு எவ்வளவு கறாரான இலக்கணத்தோட பண்ணிருக்கார் பாருங்க!

இதைத் தமிழ்ல பண்ண முடியுமானு நானும் என் பொண்ணும் ஒரு மழை நாள் பூரா உக்காந்தோம். வாத்துமுள்ளன், யானைத்திமிங்கிலம்னு சும்மா ஒட்டினா அது பேரு மாதிரியே இல்ல. கடைசில அவதான் கண்டுபிடிச்சா, எருமையும் மைனாவும் சேர்ந்தா எருமைனா. அப்புறம் கழுகும் குரங்கும் சேர்ந்தா கழுகுரங்கு. அதுக்கு மேல அன்னைக்கு நகரலை, முதலைக்கும் முயலுக்கும் ஜோடியே கிடைக்கலை. ரெண்டு பேர் கிடைக்கறதுக்கு ஒரு நாள் ஆச்சு, அவர் ஒரே பாட்டுல வரிசையா பண்ணிட்டுப் போறார், அதுவும் சந்தம் தப்பாம, எதுகை இடறாம, கூடவே படமும் வரைஞ்சு. அதோட, ஒட்டிட்டு விட்டுடல. ஒட்டின பிறகு அந்த ஜீவனுக்கு என்ன பிரச்சினைனு யோசிக்கறார். பாதி யானை பாதி திமிங்கிலமா இருக்கற ஹாதிமிக்கு, திமிங்கிலம் தண்ணிக்குப் போலாங்குது, யானை காட்டுக்குப் போலாங்குது. கிளி மூஞ்சி வச்ச ஓணானுக்கு ஒரே கவலை, இனிமே பூச்சியை விட்டுட்டு பச்சை மிளகாயா திங்கணும்? ஒரு பொய்யை நம்பிட்டா அதுல இருந்து நியாயமா என்னென்ன வருமோ அத்தனையும் பிசகாம வரும். பிசிக்ஸ் படிச்சவர் மூளை அது.

ஹுங்கோமுகோ ஹியாங்லானு இன்னொரு ஜீவன். சோகமான மூஞ்சி, ரெண்டு வாலு. ஏன்யா சோகம்னு கேட்டா, வலப்பக்கம் ஈ உக்காந்தா வலது வாலால அடிப்பேன், இடப்பக்கம் உக்காந்தா இடது வாலால அடிப்பேன், பாழாப்போன ஈ நட்ட நடுவுல உக்காந்தா எந்த வாலால அடிக்கறதுங்குது. குழந்தை சிரிக்கும். ஆபீஸ்ல ரெண்டு டிபார்ட்மெண்ட் நடுவுல மாட்டின ஃபைலைப் பாத்த பெரியவனும் சிரிப்பான், ஆனா வேற இடத்துல வலிக்கும்.

"இருபத்தியொன்று சட்டம்"னு ஒரு பாட்டு. சிவனோட சொந்த நாட்டுல சட்டதிட்டம் படு மோசம், யாராவது கால் வழுக்கி விழுந்தா போலீஸ் பிடிச்சுட்டுப் போகும், 21 ரூபாய் அபராதம். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி தும்மணும்னா டிக்கெட் வாங்கணும், டிக்கெட் இல்லாம தும்மினா முதுகுல ரெண்டு போட்டு, மூக்குப்பொடி தூவி 21 தடவை தும்ம வைப்பாங்க. கவிதை எழுதறவனைக் கூண்டுல போட்டு காதுகிட்ட வாய்ப்பாடு ஓதி, மளிகைக் கடைக் கணக்கு 21 பக்கம் போடச் சொல்வாங்க. வெள்ளைக்காரன் ஆட்சில, ரௌலட் சட்டம் வந்த காலத்தை ஒட்டி குழந்தைங்க பத்திரிகை நடத்தினவர் இதை எழுதிருக்கார்ங்கறதை யோசிச்சுப் பாருங்க. இதை அரசியல் பாட்டுனு மட்டும் படிச்சா ருசி போயிடும்னு நான் நினைக்கறேன், ஆனா கொல்கத்தால ஏதாவது புதுசா ஒரு அசட்டு ரூல் வந்துச்சுன்னா இன்னைக்கும் யாராவது ஒருத்தர் இந்தப் பாட்டோட முதல் வரியைச் சொல்வாங்க, டீக்கடைல நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். பத்தொன்பது தடவை மெட்ரிக் ஃபெயிலான மாப்பிள்ளை கங்காராம் இன்னொருத்தர், வரன் பாக்கற பேச்சு வந்தா கண்டிப்பா வந்துருவார். உங்க கேள்விக்கு ஒரு பாதி பதில் இதுதான், அவர் எழுதினது அவங்க பாஷைக்குள்ள பழமொழி மாதிரி போய் உக்காந்துடுச்சு, யாரும் அவரைக் கொண்டாடறோம்னு நினைச்சு கொண்டாடறதில்ல, பேச வாயைத் திறந்தா அவர் வரார்.

உரைநடைல அவரோட உச்சம் "ஹ-ஜ-ப-ர-ல", 1922-ல சந்தேஷ்ல வந்துச்சு. தலைப்பே எழுத்தைக் கலைச்சுப் போட்டது. ஒரு பையன் வெயில்ல மரத்தடில படுத்திருக்கான், வியர்வை துடைக்க கைக்குட்டையை எடுக்கப் போறான், கைக்குட்டை மியாவ்ங்குது. கொழுத்த பூனை ஒண்ணு உக்காந்திருக்கு. கைக்குட்டை எப்படி பூனையாச்சுனு கேட்டா, முட்டை இருந்துச்சு, அது பேக் பேக்னு கத்தற வாத்தாச்சே, இது தினமும் நடக்கறதுதானேனு பூனை திருப்பிக் கேக்குது. பதில் சொல்லுங்க பாப்போம்.

அப்புறம் வர்றதுதான் என் ஆளு, அண்டங்காக்கை. பேரு காக்கேஷ்வர் குச்குச்சே. மரத்துல உக்காந்து சிலேட்டுல கணக்கு போடுது. ஏழு ரெண்டு எவ்வளவுனு கேக்குது, பையன் பதினாலுங்கறான், தப்பு, ஃபெயிலுங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே பதினாலுனு எழுதுது. பையன் சண்டைக்குப் போறான். காக்கா சொல்லுது, நீ சொன்னப்ப அது முழுசா பதினாலு ஆகலை, பதிமூணு ரூபாய் பதினாலணா மூணு தம்பிடி தான் ஆகியிருந்துச்சு, நான் சரியான நேரம் பாத்து டக்குனு எழுதலைன்னா இந்நேரம் பதினாலு ரூபாய் ஓரணா ஒன்பது தம்பிடி ஆயிருக்கும். விடை கூட நேரத்தோட வளர்ந்துகிட்டே போகுது, சமயம் பாத்து பிடிக்கணும். இருட்டறைல பிளேட்டை டெவலப் பண்ணவங்களுக்கு இது எங்க இருந்து வந்ததுனு சொல்லவே வேணாம். ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தா வெளிறிப் போயிருக்கும், ஒரு நிமிஷம் பிந்தினா கறுத்துரும். இதை அவர் நினைச்சு எழுதினாரோ இல்லையோ, எனக்குப் படிக்கும்போதெல்லாம் எங்கப்பாவோட டார்க்ரூம்தான் ஞாபகம் வரும்.

அந்தக் காக்கா ஒரு நோட்டீஸ் வேற குடுக்குது. விலாசம் 41, மரக்கடைத் தெரு மாதிரி ஒண்ணு, காக்காய்ப் பேட்டை. சில்லறையாகவும் மொத்தமாகவும் எல்லாவிதக் கணக்கு வேலையும் செய்து தரப்படும், கட்டணம் அங்குலத்துக்கு இவ்வளவு. அப்புறம் எச்சரிக்கை, நாங்கள் பரம்பரை அண்டங்காக்கைக் குலம், இப்போ பணத்தாசை பிடிச்ச மத்த ஜாதிக் காக்காய்ங்களும் கடை விரிச்சிருக்கு, விளம்பரத்தைப் பாத்து ஏமாறாதீங்க. நோட்டீஸ் அடிச்சு அடிச்சுப் பழகின வீட்டுலதான் இப்படி ஒண்ணு வரும், எங்கப்பா அச்சடிச்ச "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்" சைஸ் வாரியா எனக்கு ஞாபகம் இருக்கு. அடுத்து ஒரு கிழவர் டேப்பால பையனை அளக்கறார், உயரம் 26 அங்குலம், கை 26, மார்பு 26, கழுத்து 26. டேப்புல மத்த எண்ணெல்லாம் தேஞ்சு போச்சு, 26 மட்டும்தான் தெரியுது. அவங்க ஊர்ல நாப்பது வயசானா வயசைத் திருப்பி விட்டுருவாங்க, 39, 38னு இறங்கும், பத்து வந்ததும் திரும்ப ஏத்துவாங்க.

இங்கிலீஷ்ல நான்சென்ஸ் பாட்டு எழுதின எட்வர்ட் லியர், "ஆலிஸ்" கதை எழுதின லூயிஸ் கேரல் ரெண்டு பேரும் இவருக்கு முன்னோடிங்கதான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஹ-ஜ-ப-ர-ல கதை ஆலிஸ் மாதிரியே கனவுல போய் கோர்ட்டுல முடியற வடிவம் வரைக்கும் அந்த சாயல் இருக்கு. ஆனா உள்ள இருக்கற அணா பைசா, கோர்ட்டு வாசல்ல காசுக்கு சாட்சி சொல்றவன், பி.ஏ. பட்டம் போட்டுக்கற ஆடு, இதெல்லாம் அசல் கொல்கத்தா. ஹெஷோராம்னு ஒருத்தரோட டைரினு இன்னொண்ணு இருக்கு, காட்டுல புதுப் புது மிருகமா கண்டுபிடிச்சு லத்தீன் பேர் வைக்கறாங்க, எப்பவும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறதுக்கு கோம்ராதேரியம், ஓயாம கத்தறதுக்கு சில்லானோசாரஸ். அதே ஆளு அதே பத்திரிகைல நிஜ விஞ்ஞானத்தையும் குழந்தைக்குப் புரியற மாதிரி எழுதிட்டு இருந்தார், பெரும்பாலானவங்க இந்தப் பக்கத்தை மறந்துடறாங்க.

வீட்ல திங்கள்கிழமை தோறும் நண்பர்கள் கூடுவாங்க, மண்டே கிளப். "மண்டா"ன்னா ஒரு இனிப்பு, சாப்பாடு பலமா இருக்கும்ங்கறதால மண்டா கிளப்னே பேர் ஆயிடுச்சு. பின்னாடி புள்ளியியல்ல பேர் வாங்கின மகலனோபிஸ், மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி எல்லாம் மெம்பர். அழைப்பிதழைக் கூட பாட்டாத்தான் அடிச்சு அனுப்புவார். சித்தப்பா பொண்ணு லீலா மஜும்தாரை எழுத வச்சதும் இவர்தான், அவங்க முதல் கதை 1922-ல சந்தேஷ்ல வந்துச்சு, பின்னாடி அவங்களே பெரிய எழுத்தாளர் ஆனாங்க.

1921 மே 2-ல சத்யஜித் பிறந்தார். அதே வருஷம் சுகுமாருக்கு காலா அசார், கருங்காய்ச்சல்னு சொல்வாங்க, மணல் ஈ கடிச்சு வர்றது. விட்டு விட்டு காய்ச்சல் வரும், மண்ணீரல் வீங்கும், உடம்பு கறுத்து உருகிப் போகும். இந்த நோயோட கிருமியை 1903-ல கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம சென்னை ஜி.எச்.ல இருந்த டாக்டர் டொனொவன், கிருமி பேர்லயே அவர் பேர் இருக்கு. அதுக்கு மருந்து கண்டுபிடிச்சது உபேந்திரநாத் பிரம்மச்சாரி, கொல்கத்தாலயே, கேம்பல் ஆஸ்பத்திரில, யூரியா ஸ்டிபமைன், 1922-ல முடிவுகளை வெளியிட்டார். அது ஊர் பூரா பரவி லட்சக்கணக்கான உசுரைக் காப்பாத்தறதுக்கு இன்னும் சில வருஷம் ஆச்சு. ஒரே ஊர், ஒரே வருஷங்கள். இதை நினைச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ரெண்டரை வருஷம் பெரும்பாலும் படுக்கைல. ஆனா வேலை நிக்கலை. படுத்துகிட்டே எழுதினார், வரைஞ்சார், சந்தேஷ் அட்டைக்கு மூணு கலர் படம் பண்ணார். "ஆபோல் தாபோல்" பாட்டெல்லாம் புஸ்தகமா வரப் போகுது, அதுக்கு டம்மியைத் தானே தயார் பண்ணார், எந்தப் பக்கத்துல எந்தப் பாட்டு, படம் எந்த மூலைல, அட்டை எப்படினு. டம்மி போட்டவங்களுக்குத் தெரியும், கண்ணுல எண்ணெய் விட்டுகிட்டு பண்ற வேலை அது, ஆரோக்கியமா இருக்கறவனுக்கே முதுகு போயிடும். புஸ்தகத்துக்கு முன்னாடி நாலு வரில ஒரு குறிப்பு வச்சார். விசித்திரமானது, நடக்கவே நடக்காதது, இதுங்களோடதான் இந்தப் புஸ்தகத்துக்கு சகவாசம், இது "கேயால் ரச" புஸ்தகம், அந்த ரசத்தை ருசிக்க முடியாதவங்களுக்கு இது இல்லைனு. சாஸ்திரத்துல நவரசம் இருக்கு, இவர் மனசு போன போக்குனு பத்தாவதா ஒரு ரசத்தை அமைதியா சேத்துட்டார்.

தாகூர் கர்பார் ரோடு வீட்டுக்கு வந்து படுக்கைக்குப் பக்கத்துல உக்காந்து அவர் கேட்ட பாட்டைப் பாடினார். 1923 செப்டம்பர் 10-ல சுகுமார் இறந்துட்டார், 35 வயசு. புஸ்தகம் வந்தது செப்டம்பர் 19. ஒன்பது நாள். அச்சான பிரதியை அவர் கையில வாங்கிப் பாக்கலை. அதுல கடைசிப் பாட்டுக்கும் ஆபோல் தாபோல்னுதான் பேர். அது படுக்கைல எழுதினது. இருட்டுல மணி அடிக்குது, பழைய நிலாவோட குளிர்ச்சி, குதிரைமுட்டை மாதிரி ஏதேதோ கனவெல்லாம் வந்துட்டு, கடைசி ரெண்டு வரில தூக்கம் சூழ்ந்து வருது, என்னோட பாட்டு முடிஞ்சுதுனு நிக்குது. ரெண்டே வரி. ஏழு வயசுக் குழந்தை இதைத் தாலாட்டுனு நினைச்சுப் பாடும், அப்படியும் எடுத்துக்கலாம், எழுதினது அந்த மாதிரித்தான். நான்சென்ஸ்லயே நின்னுகிட்டு, ஒரு சொல்லு கூட அழாம, இப்படி விடை வாங்கினவங்க வேற யாரையும் நான் படிச்சதில்ல.

சத்யஜித்துக்கு அப்ப ரெண்டே கால் வயசு. அப்பாவைப் பத்தி ஞாபகம்னு அவர் எழுதினது ரொம்பக் கொஞ்சம். சோதேபூர்ல கங்கைக்கரையோரம் ஒரு வீட்டுல காத்து மாத்த தங்கியிருந்தாங்க, அப்பா ஜன்னல் பக்கத்துல உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருக்கார், திடீர்னு "கப்பல் போகுது"ங்கறார், குழந்தை ஓடி வந்து பாக்குது, ஒரு ஸ்டீமர் ஊதிகிட்டுப் போகுது. அவ்வளவுதான். அச்சாபீஸ் ஞாபகம் அதை விட அதிகம். ஒரு காகிதத்துல கிறுக்கி எடுத்துட்டுப் போய் இது சந்தேஷுக்குனு குடுப்பாராம், பிளாக் ரூம்ல இருந்தவர் சரினு தலையாட்டி வாங்கிட்டு, குழந்தையைத் தூக்கி பெரிய கேமராவோட கண்ணாடில படம் தலைகீழா தெரியறதைக் காட்டுவாராம். டர்பன்டைன் வாசனை வந்தா அந்த ரூம்தான் ஞாபகம் வரும்னு எழுதிருக்கார். சினிமாக்காரர் ஆகறதுக்கு அதுவே போதும்னு நான் சொல்லுவேன், ஆதாரம் கேட்டா என்கிட்ட இல்ல.

சுகுமார் போன சில வருஷத்துல கம்பெனி கடன்ல மூழ்கி கை மாறிடுச்சு, வீடும் போச்சு, சுப்ரபா குழந்தையைக் கூட்டிகிட்டு தன்னோட கூடப்பிறந்தவர் வீட்டுக்குப் போனாங்க. சந்தேஷ் நின்னு, தம்பி சுபினய் கொஞ்ச காலம் நடத்தி, திரும்ப நின்னுச்சு. 1961-ல சத்யஜித்தும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் சேர்ந்து மறுபடி கொண்டு வந்தாங்க. சத்யஜித்தோட ஃபெலூடாங்கற துப்பறிவாளர் கதைங்க பிறந்ததே அந்தப் பத்திரிகைல பக்கம் நிரப்ப எழுதினதுலதான், தாத்தா அப்பா பண்ண அதே வேலை. 1987-ல அப்பாவோட நூற்றாண்டுக்கு அரை மணி நேர டாக்குமெண்டரி எடுத்தார். சுகுமார் எழுதின ஸ்கூல் பையன் தாஷு கதைகள் 1940-லதான் "பாக்லா தாஷு"னு புஸ்தகமாச்சு, முன்னுரை தாகூர்.

படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது? இங்கிலீஷ்ல சத்யஜித் மொழிபெயர்த்தது கொஞ்சம் இருக்கு, சுகாந்த சௌதுரி மொழிபெயர்த்தது நிறைய இருக்கு, ரெண்டாவது சந்தத்தையும் விடாம பிடிச்சிருக்கார். பாட்டுல ஆரம்பிக்காதீங்க, அது மூலத்துல காதால கேக்க வேண்டியது, பெங்காலி தெரிஞ்ச யாரையாவது பிடிச்சு "கிச்சுடி"யை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க, அர்த்தம் அப்புறம் கேட்டுக்கலாம். நீங்க தனியா படிக்கறதுன்னா ஹ-ஜ-ப-ர-ல. முப்பது நாப்பது பக்கம்தான் வரும். வீட்ல வாய்ப்பாடு படிக்கற வயசுல குழந்தை இருந்தா அந்தக் காக்காய் கணக்கை மட்டும் முதல்ல படிச்சுக் காட்டுங்க. என் பொண்ணு அதைக் கேட்டுட்டு மறுநாள் கிளாஸ்ல ஏழு ரெண்டு எவ்வளவுனு டீச்சர் கேட்டதுக்கு, இப்ப மணி எத்தனை மிஸ்னு திருப்பிக் கேட்டுட்டு வந்தா.